ஆடிச்சுற்று

காலை ஆறரை மணி. தெரு முழுக்கத் தறி ஓடுகிறது.

டடக், டடக், டடக். சங்கரன்கோவிலில் இந்தத் தெருவுக்குச் சேவல் தேவையில்லை. வீட்டின் முன்பாதியில் குடித்தனம். பின்பாதியில் இரண்டு விசைத்தறி. நடுவே பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்குகிறது.

திரைக்கு இந்தப் பக்கம் அம்மா தார் சுற்றுகிறாள். குச்சி நிறைகிறது. எடுத்துக் கூடையில் போடுகிறாள். வெறுங்குச்சியைச் செருகுகிறாள். கை தானாகச் செய்கிறது. கண் மகள் மேல் இருக்கிறது.

மகள் தரையில் காகிதங்களைப் பரப்பியிருக்கிறாள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். பிளஸ் டூ மார்க் ஷீட். டி.சி. நகல். ஆதார். குடும்ப அட்டை. பழைய கையெழுத்துச் சாதிச் சான்று, மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். எண்ணுகிறாள். மறுபடியும் எண்ணுகிறாள்.

எல்லாம் ஒரு நீல நிற ஃபைலுக்குள் போகின்றன. ஃபைலின் மேல் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அதற்கு அடியில் வேறொரு பெயர். பழைய எழுத்தின் சுழி ஒன்று தாளுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது.

ஃபைலை நூல் கோன் வந்த பாலிதீன் உறைக்குள் நுழைக்கிறாள். வாயை இரண்டு மடிப்பு மடிக்கிறாள். மழை மேகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மடிக்கிறாள்.

பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஆறு கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு செமஸ்டர். முதல் கட்டத்தில் 71. இரண்டாவதில் 74. மற்ற நான்கும் காலி. தாளின் உச்சியில் 45 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 75 என்று எழுதியிருக்கிறது.

45 என்பது சட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்ச விழுக்காடு. 75 அவளாகப் போட்டுக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு எல்எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு இல்லை. டிகிரியில் வாங்கிய மார்க்கை வைத்துத்தான் தரவரிசை. அவள் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை அவள் நிரப்பப் போவது இரண்டு வருஷம் கழித்து.

பீரோக் கதவைச் சாத்துகிறாள். திரையை விலக்குகிறாள்.

அப்பா நாடாவுக்குத் தார் மாற்றுகிறார். தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. இந்த வீட்டில் எல்லோருக்கும் கைப்பேச்சு தெரியும். அவள் ஃபைலைத் தூக்கிக் காட்டுகிறாள். இரண்டு விரலால் நடந்து காட்டுகிறாள். அப்பா தாடையை ஒரு முறை உயர்த்துகிறார். போய் வா.

வாசலில் அம்மாவின் குரல் மட்டும் பின்னால் வருகிறது.

“ஏட்டி, தண்ணி எடுத்தியா? எம் போன எடுத்தியா?”

இரண்டும் பைக்குள் இருக்கின்றன.

*

ரத வீதியில் துணிக்கடை இப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் ஊதுவத்தி. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நேற்று கலைந்த சேலைகளை மடிக்கிறாள். இரண்டு முனையையும் சேர்க்கிறாள். உதறுகிறாள். நான்காக்குகிறாள். அட்டைக்குள் செருகுகிறாள்.

நீல ஃபைலைப் பார்த்ததும் கை நிற்கிறது.

“இன்னைக்குத்தான் போடுதியா?”

“ஆமாக்கா. ஆதார்ல பேரு சரியாயிட்டு.”

“ஆதார யாரு கேட்டா? கேன்ல பாத்தியா?”

வந்தவள் பதில் சொல்லவில்லை.

கடைப்பெண் அடுத்த சேலையை எடுக்கிறாள். மடித்துக்கொண்டே சொல்கிறாள். போன வருஷம் அவளுக்கு எல்லாம் இருந்தது. மார்க் 78. சான்றிதழில் மட்டும் இனிஷியல் பின்னால் இருக்க வேண்டியது முன்னால் இருந்தது. சரிசெய்து வாங்கிய அன்றைக்குச் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய் ஒன்பது நாள். ஒன்பது என்று சொல்லும்போது மடிப்பு கோணுகிறது. பிரித்து மறுபடி மடிக்கிறாள்.

“ராசியில்லாத ஃபைலு, தூரப் போடுன்னு எங்கம்மா சொன்னா. இவ வந்து வாங்கிட்டுப் போயிட்டா.” இது பக்கத்து மேஜைக்காரிக்கு.

மேஜையின் அடித்தட்டில் அவளுடைய போன். திரையில் ஒரு பக்கம் திறந்தபடியே இருக்கிறது. இந்த வருஷம் முதல் நாளே விண்ணப்பித்தாயிற்று. தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. முதலாளி வாசல் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து விரலால் திரையைக் கீழே இழுத்து விடுகிறாள். சின்ன வட்டம் சுழல்கிறது. அதே பக்கம் வருகிறது.

*

இ-சேவை மையம். தாலுகா ஆபீஸ் பக்கம். திறப்பது பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

வரிசையில் எல்லா ஆளும் நிற்பதில்லை. சில இடங்களில் ஒரு செருப்பு நிற்கிறது. ஓரிடத்தில் ஒரு கல்லும், அதன் அடியில் ஓர் ஆதார் நகலும். செருப்புக்காரர் டீக்கடையில் இருக்கிறார். யாரும் செருப்பைத் தாண்டுவதில்லை.

சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. சாதிச் சான்று. இருப்பிடச் சான்று. வருமானச் சான்று. முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே 60 ரூபாய்.

படிக்கட்டில் ஒரு பாட்டியும் பேரனும். பேரனுக்கு மீசை அரும்புகிறது. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. கையில் உறுதிமொழிப் படிவம். அவன் பேனாவைத் திறக்கிறான், மூடுகிறான். படிவத்தை இவள் பக்கம் நீட்டுகிறான்.

“அக்கா, இத கொஞ்சம் எழுதித் தாங்க.”

அவள் தன் ஃபைலை மடியில் வைத்து, அதன் மேல் படிவத்தை வைக்கிறாள். எழுதத் தொடங்கவில்லை. முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறாள். கீழே ஏற்கனவே ஒரு கையெழுத்து இருக்கிறது.

“இது யாரு போட்டது?”

“அப்பா. கேரளாவுக்கு வேலைக்குப் போகையிலே போட்டுக் குடுத்துட்டுப் போனாவ.”

அவள் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். மேலே வெறும் கோடுகள். கீழே ஒரு மனிதரின் பெயர்.

“இனிமே எழுதாத தாள்ல கையெழுத்து வாங்காத. யாருக்கும் போட்டுக் குடுக்கவும் விடாத.”

பையன் தலையாட்டுகிறான். அவள் முதல் பக்கத்துக்கு வருகிறாள்.

குடும்பத்தார் ஒவ்வொருவரும் என்ன படித்திருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். அப்பாவைப் பெற்ற தாத்தா. பாட்டி. அம்மாவைப் பெற்ற தாத்தா. பாட்டி. பிறகு அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள்.

“நீங்க எதுவரை படிச்சிருக்கீங்க பாட்டி?”

“பள்ளிக்கொடத்து வாசல்ல நெல்லிக்கா வித்திருக்கேன் தாயி. உள்ள போனதில்ல.”

படிக்கவில்லை, என்று எழுதுகிறாள்.

“தாத்தா?”

“அவிய எங்க படிச்சாவ? ஆடு மேச்சாவ.”

படிக்கவில்லை. அடுத்த தாத்தா. படிக்கவில்லை. அடுத்த பாட்டி. படிக்கவில்லை. ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு முறை. கையெழுத்து முதலில் இருந்த அளவிலேயே நான்காவதும் இருக்கிறது. மேற்படி என்று சுருக்கவில்லை.

அப்பா, எட்டாம் வகுப்பு. அம்மா, ஐந்தாம் வகுப்பு. அக்கா, பிளஸ் டூ.

எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கிறாள். பாட்டி காதைக் கையால் குவித்துக் கேட்கிறாள். ஒவ்வொரு வரிக்கும் “சரிதான்” என்கிறாள். தாத்தாவின் பெயர் வந்த இடத்தில் மட்டும் “இன்னொரு தடவ வாசி” என்கிறாள். அவள் இன்னொரு தடவை வாசிக்கிறாள்.

*

பத்தே முக்கால். அவளுடைய முறை.

மேஜையில் இருக்கும் பெண் நிமிராமல் கை நீட்டுகிறாள். “கேன் நம்பர் சொல்லும்மா.”

சொல்கிறாள். இ-சேவையில் எந்தச் சான்று கேட்டாலும் இந்த எண்தான் முதல் படி. பிளஸ் டூ படிக்கும்போது வருமானச் சான்றுக்காக எடுத்தது. திரையில் ஒரு பெயர் வருகிறது.

கோயில் அம்மனின் பெயர்தான் அவளுக்கும். இந்த ஊரில் ஒரு வகுப்பில் நாலு பெண்களுக்காவது அந்தப் பெயர் இருக்கும். தமிழில் எழுதினால் சண்டையே இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பெயர். மார்க் ஷீட்டில் ஜி-யில் தொடங்குகிறது. ஆதாரில் கே-யில் தொடங்கியது. சித்திரை வெயிலில் மூன்று நாள் நின்று ஆதாரை ஜி ஆக்கினாள்.

திரையில் இருப்பது கே.

“கேன்ல மாத்தணும்மா. ஓடிபி போயிருக்கு. சொல்லு.”

பைக்குள்ளிருந்து அம்மாவின் போனை எடுக்கிறாள். ஒன்றும் வரவில்லை. திரையில் கடைசி எண்கள் மட்டும் தெரிகின்றன. அவை அப்பாவின் எண்கள்.

அப்பாவுக்குப் போன் போடுகிறாள். மணி அடித்து ஓய்கிறது. மறுபடி. ஓய்கிறது. மூன்றாவது முறை காதிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தபடியே நிற்கிறாள்.

“நேரம் முடிஞ்சிருச்சும்மா. போனோட வா. அடுத்து யாரு?”

செருப்பு நின்ற இடத்திலிருந்து ஆள் நகர்ந்து வருகிறார்.

*

வெயில். பதினைந்து நிமிஷ நடை. வழியில் பூக்காரிகள் பிச்சியைக் கட்டுகிறார்கள். அவள் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஃபைலைத் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. நெஞ்சோடு பிடித்திருக்கிறாள்.

வீடு. திரை. தறி.

அப்பா நிமிர்கிறார். அவள் காதோரம் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துக் காட்டுகிறாள். அப்பாவின் தாடை சுவர்ப் பக்கம் திரும்புகிறது. ஆணியில் சட்டை. சட்டைப் பையில் போன். தவறிய அழைப்புகள் மூன்று. அவற்றுக்கு மேல் ஆறு இலக்க எண் ஒன்று, காலாவதியானது.

அப்பா தறியை நிறுத்துகிறார். ஒரு தறி நின்றதும் பக்கத்துத் தறியின் சத்தம் பெரிதாகிறது.

“என்னாச்சும்மா?”

“பேரு தப்பா இருக்குப்பா. ஒரு எழுத்து.”

“ஒரு எழுத்துக்கா?”

“ஆமா.”

அவர் போனை வேட்டியில் துடைக்கிறார். சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிறார். “நூல்காரவுக கூப்பிட்டா எடுத்துப் பேசு. சாயங்காலம் வாரேன்னு சொல்லு.” தறி மறுபடி ஓடுகிறது.

பன்னிரண்டு மணிக்கு மேல் இ-சேவை மையத்தின் விசைப்பலகையில் ஒரு கட்டை அழுத்தப்படுகிறது. கே அழிகிறது. ஜி விழுகிறது. அந்த எழுத்தின் மேல் அவள் பார்வை சிறிது நேரம் நிற்கிறது. பிறகு ஆவணங்கள் ஏறுகின்றன. பழைய சான்றின் கிழிசல் ஸ்கேனரில் கறுப்புக் கோடாக விழுகிறது. ஒட்டியதைத் தடவிவிட்டு இரண்டாம் முறை வைக்கிறார்கள்.

60 ரூபாய். ரசீது. ரசீதில் ஒரு நீண்ட எண். இனி வி.ஏ.ஓ., பிறகு ஆர்.ஐ., பிறகு தாலுகா ஆபீஸ். அவள் எண்ணை நோட்டில் எழுதுகிறாள். உள்ளங்கையிலும் எழுதுகிறாள்.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 விழுக்காடு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வரிசை. எந்த வரிசை என்பதை அந்தச் சாதிச் சான்றுதான் சொல்லும்.

*

வங்கி வாசலில் பாஸ்புக் அடிக்கும் மிஷின். புத்தகத்தை உள்ளே தள்ளுகிறாள். மிஷின் கரகரவென்று அடித்துத் தள்ளுகிறது.

1000. 1000. 1000.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. டிகிரி முடியும்வரை வரும். அதோடு நின்றுவிடும்.

பக்கத்தில் எடுத்த தொகை ஒரே ஒரு வரியில் இருக்கிறது. செமஸ்டர் ஃபீஸ். மற்றதெல்லாம் வந்த தொகை. ஒரே எண், தேதி மட்டும் மாறிக்கொண்டே கீழே இறங்குகிறது. அவள் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியாக இறக்குகிறாள். கடைசி வரியில் நிறுத்துகிறாள். புத்தகத்தை மூடுகிறாள்.

*

நீதிமன்ற வளாகம். வேப்ப மரம். மரத்தடியில் டைப்ரைட்டர் ஒன்று, ஜெராக்ஸ் கடை ஒன்று, வக்காலத்துத் தாள் விற்பவர் ஒருவர். பெஞ்சுகளில் கிராமத்து ஆட்கள். மஞ்சள் பைகள். பைகளுக்குள் பத்திரங்கள்.

அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து நோட்டைத் திறக்கிறாள். குமாஸ்தா ஒருவர் தாண்டிப் போகிறார். பழகிய முகம்.

“என்ன பாப்பா, காலேஜ் லீவா?”

“ஆமா சார்.”

நோட்டின் முதல் பக்கம் சொற்கள். வாய்தா. வக்காலத்து. பிராது. வாதி. பிரதிவாதி. தாவா. ஜாமீன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலச் சொல், பென்சிலில்.

இரண்டாம் பக்கம் எண்கள். 2024 ஜூலை 1 என்று மேலே எழுதி அடிக்கோடு. இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த நாள். 302க்கு எதிரே 103. 420க்கு எதிரே 318. கிளை நூலகத்தில் அவள் எடுக்கும் புத்தகத்தில் பழைய எண்தான் இருக்கிறது. இங்கே வராந்தாவில் இரண்டும் கேட்கிறது. குமாஸ்தா பெஞ்சுக்காரரிடம் “நானூத்தி இருபது, அதான் முன்னூத்தி பதினெட்டு” என்கிறார். பெஞ்சுக்காரருக்கு முதல் எண் மட்டும் புரிகிறது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. “1923: பெண்கள் வக்கீலாகத் தடையில்லை என்ற சட்டம்.” அதன் கீழே செய்தித்தாள் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய, சட்டத்தில் எழுதிய 750 ரூபாய்க்கு மேல் பொதுப் பிரிவினரிடம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி. 2024 ஜூலை 30. அதுவரை பல மாநிலங்களில் பல ஆயிரம் வாங்கினார்கள். அவள் பதிவு செய்யும் நாளுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. துண்டின் நான்கு மூலையிலும் பசை அழுத்தி ஒட்டியிருக்கிறது.

நான்காம் பக்கம் ஊர்கள். திருநெல்வேலி. மதுரை. தேனி. ராமநாதபுரம். அரசு சட்டக் கல்லூரி இருக்கும் இடங்கள். திருநெல்வேலிக்கு எதிரே “1996இல் தொடங்கியது. பஸ் இரண்டு மணி. வீட்டிலிருந்தே போகலாம்.” மற்றவற்றுக்கு எதிரே “ஹாஸ்டல்” என்று எழுதிக் கேள்விக்குறி. மதுரைக்கு எதிரே மட்டும் கூடுதலாக ஒன்று: “ஹைகோர்ட் கிளை.”

டைப்ரைட்டர்காரருக்கு எழுபது வயதிருக்கும். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தாளை உருளையில் ஏற்றுகிறார்.

“முன்னால அப்பீலுன்னா மெட்ராஸுதான். கட்சிக்காரன் ரயிலேறணும். ரெண்டாயிரத்தி நாலுல மதுரைக் கிளை வந்துச்சு. காலைல போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்திரலாம்.”

அவள் அதையும் எழுதிக்கொள்கிறாள்.

வராந்தாவில் டவாலி வந்து நிற்கிறார். ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். யாரும் வரவில்லை. இரண்டாம் முறை, கொஞ்சம் உரக்க. மூன்றாம் முறை, தெருவுக்குக் கேட்கும்படி. டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். உள்ளே போன வேகத்தில் வெளியே வருகிறார்.

“என்னய்யா ஆச்சு?” என்கிறது பெஞ்சு.

“அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதியாம்.”

பெரியவர் செருப்பைத் தேடுகிறார். ஒன்று கிடைக்கிறது. இன்னொன்றை அவள் காலால் நகர்த்தி அவர் பக்கம் தள்ளுகிறாள்.

ஸ்கூட்டியில் ஒரு வழக்கறிஞர் வந்து இறங்குகிறார். முப்பது வயதுப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். சீட்டுக்கு அடியிலிருந்து கறுப்புக் கோட். கைப்பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் வெள்ளைக் கழுத்துப்பட்டை, சலவை மடிப்புக் கலையாமல். வண்டிக் கண்ணாடியைப் பார்த்துக் கட்டுகிறார். இரண்டு நாக்கும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று விரலால் இழுத்துப் பார்க்கிறார்.

பெஞ்சின் நுனியில் இருப்பவளும் பார்க்கிறாள்.

கண்ணாடியில் இரண்டு கண்கள் சந்திக்கின்றன.

“நீ அடிக்கடி இங்க உக்காந்திருக்கியே. எந்த வருஷம்?”

அவள் எழுந்து நிற்கிறாள். “செகண்ட் இயர் மேடம். பி.ஏ. ஹிஸ்டரி.”

“அரியர் இருக்கா?”

“இல்ல மேடம்.”

“வெளியில ஏன் உக்காந்திருக்க? உள்ள வந்து பின் பெஞ்சில உக்காரு. ஓப்பன் கோர்ட். யாரு வேணும்னாலும் பாக்கலாம்.”

அவர் போய்விடுகிறார். அவள் வாசல் வரை போகிறாள். நிலைப்படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றுகிறாள். கழற்ற வேண்டுமா என்று மற்றவர்கள் காலைப் பார்க்கிறாள். மறுபடி போட்டுக்கொள்கிறாள். அப்பாவின் போனைச் சத்தமில்லாமல் செய்கிறாள். உள்ளே நுழைகிறாள்.

*

சாயங்காலம். ஒன்பது நிலைக் கோபுரம். 125 அடி. நிழல் கடைகளைத் தாண்டி விழுகிறது.

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. கோயிலைச் சுற்றிக் கூட்டம் ஓடுகிறது. நடக்கவில்லை, ஓடுகிறது. ஆடிச்சுற்று. 108 சுற்று, 501 சுற்று, 1,001 சுற்று என்று அவரவர் வேண்டுதல். சிவனும் திருமாலும் ஒன்றாக நிற்பதைக் காண ஒற்றைக் காலில் தவம் இருந்தவள் இந்த ஊர் அம்மன். சுற்றுகிறவர்கள் அவளுடைய கால் வலியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை.

அம்மா கூட்டத்தில் வருகிறாள். முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள். இடது கையில் புளியங்கொட்டைகள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டை வலது கைக்கு மாறுகிறது. காலையில் தார்க்குச்சி மாற்றிய அதே விரல்கள்.

மகள் ஓரமாக நிற்கிறாள். அம்மா அவளைத் தாண்டும்போது நிற்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்துகிறாள். மகள் ரசீதைத் தூக்கிக் காட்டுகிறாள். அம்மா தலையாட்டிவிட்டு ஓடுகிறாள்.

அடுத்த சுற்றில், “சாப்பிட்டியா?”

அதற்கடுத்த சுற்றில், “என்ன சாப்பிட்ட?”

நாலாவது சுற்றில் மகளும் செருப்பை ஓரத்தில் விட்டுவிட்டுக் கூட ஓடுகிறாள். நெஞ்சோடு ஃபைல்.

கிளம்பும்போது அம்மா புற்றுமண் வாங்குகிறாள். மகள் நெற்றியில் இடுகிறாள். மிச்சத்தை ஒரு காகிதத்தில் மடித்துப் பாலிதீன் உறைக்குள் போடப் போகிறாள். மகள் கையைப் பிடிக்கிறாள்.

“சர்ட்டிபிகேட்ல ஒட்டிரும்மா.”

அம்மா ஒரு நொடி யோசிக்கிறாள். காகிதத்துக்கு மேல் இன்னொரு காகிதம் சுற்றுகிறாள். அதற்கு மேல் கைக்குட்டை. இப்போது மகள் உறையைத் திறந்து பிடிக்கிறாள்.

துணிக்கடையில் விளக்கு எரிகிறது. திருவிழாக் கூட்டம். மேஜையில் சேலை மலையாகக் குவிந்திருக்கிறது. கடைப்பெண்ணின் ஒரு கை சேலையில். இன்னொரு கை அடித்தட்டில். வாசலைக் கடக்கிறவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். இன்னும் வரவில்லை.

*

இரவு ஒன்பது. தறி ஓடுகிறது.

அவள் பீரோ முன்னால் உட்கார்ந்து படிக்கிறாள். தென்னிந்திய வரலாறு. ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, படித்ததை எழுதிப் பார்க்கிறாள். நீல ஃபைல் பீரோவின் மேல்தட்டில், உறைக்குள்.

கரண்ட் போகிறது.

தெருவின் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்கிறது. வெகு நேரமாக அழுதுகொண்டிருந்திருக்க வேண்டும்.

அப்பா திரையை விலக்கிக்கொண்டு வருகிறார். தலைமுடியில் நூல் பஞ்சு. அம்மா மெழுகுவத்தியைக் கொளுத்துகிறாள். மூன்று பேரும் தரையில் உட்காருகிறார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கைமாறுகிறது.

அப்பா ஃபைலை எடுக்கச் சொல்கிறார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்குகிறார். ரசீதை வெளியே எடுத்து மெழுகுவத்திப் பக்கம் சாய்க்கிறார். ஆங்கிலத்தில் இருக்கும் பெயரின் முதல் எழுத்தின் மேல் நகத்தை வைக்கிறார்.

“இதா அந்த எழுத்து?”

“ஆமாப்பா.”

பார்க்கிறார். திருப்பிக் கொடுக்கிறார். தறியில் நின்ற பழக்கம், மெதுவாகப் பேச வராது. அமைதியான வீட்டில் குரல் உரக்க விழுகிறது.

“இனி என்ன பாக்கி?”

அவள் வாயைத் திறக்கிறாள்.

கரண்ட் வருகிறது. டடக், டடக், டடக். பக்கத்து வீடு, எதிர் வீடு, தெரு. அப்பா எழுந்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் போய்த் தறியை ஓட விட்டுவிட்டு, திரும்பி அவளைப் பார்க்கிறார். புருவம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அவள் நான்கு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள்.

அப்பா விரல்களை எண்ணுவதுபோல் பார்க்கிறார். தாடையை உயர்த்துகிறார். பாவில் ஓர் இழை அறுந்திருக்கிறது. தறியை நிறுத்தி, குனிந்து, முடி போடத் தொடங்குகிறார்.